காசிப்பூர் தோட்ட வீட்டில் பரமஹம்சரின் கடைசி நாட்கள்

கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் தட்சிணேசுவரம் காளி கோவிலுக்குப் போகாதவர்கள் குறைவு. அங்கே பூசாரியாக இருந்து உலகப் புகழ் பெற்றவர் ராமகிருஷ்ண பரமஹம்சர். அவர் உயிரைப் பறித்தது தொண்டைப் புற்றுநோய்.

1836 பிப்ரவரி 18-ந் தேதி காமார்புகூர் கிராமத்தில், ஏழை அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கதாதரர். 1855-ல் ராணி ராசமணி கட்டிய காளி கோவிலுக்கு அண்ணனுடன் வந்தவர், அங்கேயே பூசாரி ஆனார்.

தொண்டை வலி

1885 கோடையில் தொண்டை வலி கண்டது. அதிகம் பேசுவதால் வந்த புண் என்றே முதலில் நினைத்தார்கள். பக்தர்கள் வந்தபடி இருந்தார்கள்; அவரும் பேச்சை நிறுத்தவில்லை. நோய் முற்றியது. அக்டோபரில் சியாம்புகூருக்கும், டிசம்பர் 11-ந் தேதி காசிப்பூர் தோட்ட வீட்டுக்கும் அழைத்து வந்தார்கள். மாத வாடகை 80 ரூபாய். அதை சுரேந்திரநாத் மித்ரா என்ற பக்தர் ஏற்றுக்கொண்டார்.

வைத்தியம் பார்த்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். ஆங்கில மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றுப் பின்னர் ஹோமியோபதிக்கு மாறியவர். 1876-ல் அவர் நிறுவிய அறிவியல் கழகத்தில்தான் நம் சி.வி.ராமன் 1928-ல் நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பைச் செய்தார்.

சோறு இறங்கவில்லை. அன்னை சாரதாதேவி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். நரேந்திரரும் மற்ற இளைஞர்களும் இரவு பகலாகப் பணிவிடை செய்தார்கள். அவர்களில் ஒருவரான சசிதான் 1897-ல் சென்னைக்கு வந்து ராமகிருஷ்ண மடத்தை அமைத்தவர். 1886 ஆகஸ்டு 16-ந் தேதி அதிகாலை பரமஹம்சர் மறைந்தார். வயது 50.

20 ஆண்டுகளுக்குப் பின்

வாய், நாக்கு, தொண்டையில் தோன்றும் புற்று பெரும்பாலும் கழுத்து நெறிக்கட்டிகளுக்கே முதலில் பரவும். புண்ணை மட்டும் அகற்றினால் போதாது. நெறிக்கட்டிகளை ஒட்டுமொத்தமாக எடுக்கும் அறுவை முறையை, 132 ஆபரேஷன்களின் அனுபவத்துடன், அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் கிரைல் 1906-ல் விளக்கி எழுதினார். பரமஹம்சர் காலத்தில் அந்த வழி இல்லை.

இன்று இருக்கிறது. தோள் நரம்பையும் தசையையும் முடிந்தவரை காப்பாற்றியே இப்போது ஆபரேஷன் செய்கிறார்கள். தேவைப்பட்டால் கதிர்வீச்சும் தருகிறார்கள். கொல்கத்தா ஹாஜ்ராவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950-ல் திறந்து வைத்தவர், ரேடியம் கண்ட கியூரி அம்மையாரின் மகள் ஐரீன்.

ஜர்தா பான், கைனி போடுகிறவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மாறாத குரல் கம்மல், கழுத்தில் வலியில்லாத கட்டி — இவற்றில் எது இருந்தாலும், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.