காகிதப்பூவுக்கு ஏன் ஒரு கேப்டன் பெயர்? ஆண் வேஷத்தில் உலகைச் சுற்றிய ழான் பரேயின் கதை

பைபாஸ் ரோட்டுல போகும்போது நடுத்தடுப்புல ஒரு செடி நம்ம கூடவே வருமே, கவனிச்சிருக்கீங்களா? மே மாச வெயில்ல மத்த செடியெல்லாம் தலை தொங்கிக் கிடக்க, அது மட்டும் ராணி கலர்ல பளிச்சுனு நிற்கும். நாம காகிதப்பூன்னு சொல்றோம். மலையாளத்திலும் கடலாசுப்பூதான். நர்சரியில் கேட்டால் 'போகன்வில்லா' என்பார்கள்.

அந்த நிறம் உண்மையில் பூவே கிடையாது. நிறம் மாறிய இலைகள். அடுத்த முறை ஒன்றைப் பறித்து உள்ளே பாருங்க. மூன்று வண்ண இலைகளுக்கு நடுவில், தீக்குச்சி கனத்தில் மூன்று சின்ன வெள்ளைக் குழல்கள் இருக்கும். அதுதான் பூ. கண்ணுக்குப் படுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. இந்தச் செடியின் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

வெளியே தெரியும் பெயர் லூயி அந்துவான் த பூகன்வில். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. 1766-ல் கிளம்பி 1769-ல் ஊர் திரும்பி, பிரான்ஸ் அரசின் சார்பில் உலகைச் சுற்றி வந்த முதல் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர். புத்தகம் எழுதினார், புகழ் பெற்றார், பாரிஸில் பிரான்ஸின் பெரிய மனிதர்களைப் புதைக்கும் பாந்தியோனில் இடமும் கிடைத்தது. உள்ளே இருக்கும் பெயர் ழான் பரே. கப்பல் பதிவேட்டில் ஓர் ஆண் வேலைக்காரனாக இருந்த பெண். 2020 ஜூலை 27 அன்று கூகுள் முகப்பில் டூடுலாக வந்தாரே, அவரேதான்.

ழான் பிறந்தது 1740-ல், பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் லா கொமெல் என்ற சின்ன கிராமத்தில். அப்பா தினக்கூலி. அந்தக் காலத்து பிரான்ஸில் அப்படி ஒரு வீட்டில் பிறந்த பெண் பிள்ளைக்கு எதிர்காலம் என்றால், இன்னொரு கூலிக்காரனைக் கட்டிக்கொள்வது, இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது வேலைக்குப் போவது.

ழான் வேலைக்குப் போனார். போன இடம் பிலிபேர் கொமர்சன் என்ற மருத்துவரின் வீடு. மனுஷனுக்கு மருத்துவத்தைவிடச் செடிகொடிகள் மேல்தான் உயிர். 1762-ல் பிரசவத்துக்குப் பிறகு அவர் மனைவி இறந்துவிட, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ழானிடம் வந்தது. போகப்போக இருவரும் நெருக்கமானார்கள். 1764-ல் ழான் கர்ப்பமானார்.

கல்யாணமாகாத பெண் கர்ப்பமானால் அரசு அதிகாரியிடம் போய் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ழான் எழுதிக்கொடுத்தார், அப்பா யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. இருவரும் பாரிஸுக்குக் குடிபோனார்கள். பிறந்த ஆண் குழந்தை அநாதைக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனது. சில மாதங்களிலேயே இறந்தும் போனது. கொமர்சன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஊர் வாய்க்குப் பயந்து எதையெல்லாம் தொலைக்க முடியுமோ அதை எல்லாம் தொலைத்தது ழான் மட்டும்தான்.

பூகன்வில்லின் பயணத்தில் இயற்கை ஆய்வாளராகப் போகும் வாய்ப்பு கொமர்சனுக்கு வந்தது. கூட ஒரு வேலையாளை அழைத்துப்போகலாம். அவருக்கோ உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் முடியாது. ஆனால், பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்களுக்கு அனுமதி இல்லை. ழான் என்ன செய்தார்? மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆண் உடை போட்டு, தன் பெயரின் பிரெஞ்சு எழுத்தில் கடைசியில் இருந்த பெண்பால் விகுதியை மட்டும் வெட்டிவிட்டு, ரோஷ்போர் துறைமுகத்தில் போய் நின்றார்.

எத்துவால் என்ற அந்தக் கப்பலில் நூறுக்கும் மேற்பட்ட ஆண்கள். நல்லவேளையாக, கொமர்சன் கொண்டுவந்த பெட்டிகளும் சாமான்களும் அதிகம் என்பதால் கேப்டன் தன் அறையையே இவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அந்த அறையில் தனிக் கழிப்பறை வசதி இருந்தது. ழானின் வேஷம் அவ்வளவு நாள் தாங்கியதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

கொமர்சனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, ஓயாத வாந்தி. காலில் ஏற்கெனவே இருந்த புண் வேறு பெரிதானது. அவரைக் கவனிப்பதும் ழான்தான், கரை இறங்கினால் மூட்டை சுமப்பதும் ழான்தான். செடி அழுத்தும் கனமான அட்டைகள், உணவு, துப்பாக்கி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கினார். கொமர்சன் அவரைத் தன் சுமை மிருகம் என்றே எழுதிவைத்தார். பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்!

1767 ஜூனில் கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்கு வந்தது. அங்கேதான் அந்தக் கொடி. முள்ளும் முரடுமாக வளர்ந்து, உச்சியில் ஊதா நிறம் கொட்டிக் கிடந்தது. சேகரிப்பில் அந்த மாதிரி சேர்ந்தது. பயணத் தலைவரைக் கௌரவிக்க கொமர்சன் அதற்கு பூகன்வில்லின் பெயரை வைத்தார்.

சரி, பறித்தது யார்? குறிப்புகளில் இருப்பது கொமர்சன் பெயர்தான். ஆனால் ரியோவில் அவர் கால் இருந்த நிலையைப் பார்த்து, பறித்தது ழானாகத்தான் இருக்க முடியும் என்று வாதாடுகிறார், ழானின் வாழ்க்கை வரலாற்றை 2010-ல் எழுதிய கிளினிஸ் ரிட்லி. நேரடிச் சாட்சி கிடையாது. வேலைக்காரன் எதைப் பறித்தான் என்று அந்தக் காலத்தில் யார் எழுதிவைத்தார்கள்?

அங்கிருந்து தென் அமெரிக்காவின் தெற்கு முனை. மகெல்லன் நீரிணையைக் கடக்கவே 52 நாள். குளிரிலும் பாறையிலும் செடி தேடிய ழானின் உழைப்பைப் பார்த்து மாலுமிகளே அசந்தார்கள். சந்தேகமும் கூடவே வளர்ந்தது. தாடி மீசை இல்லை, யார் முன்னாலும் உடை மாற்றுவதில்லை. நெருக்கிக் கேட்டபோது, தான் விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண் என்று சொல்லிச் சமாளித்ததாகக் கப்பல் மருத்துவர் விவேஸ் எழுதியிருக்கிறார்.

1768 ஏப்ரலில் தஹிதி தீவு. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தும் உறுதியாகச் சொல்ல முடியாததை, அந்தத் தீவு மக்கள் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்கள். ழானைச் சூழ்ந்துகொண்டு, இது பெண் என்று கத்தியதாக பூகன்வில் எழுதுகிறார். பிறகு அவர் விசாரித்தபோது ழான் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். ஆனால், தான் ஓர் அநாதை என்றும், கொமர்சனையும் ஏமாற்றித்தான் கப்பல் ஏறினேன் என்றும் கதை சொன்னார். மாட்டிக்கொண்ட அந்த நிமிஷத்திலும் காப்பாற்றியது கொமர்சனை!

பூகன்வில் தண்டிக்கவில்லை. உலகைச் சுற்றும் முதல் பெண் இவர்தான் என்பதை மறக்காமல் குறித்துவைத்தார். அழகி என்றும் சொல்ல முடியாது, அழகில்லாதவள் என்றும் சொல்ல முடியாது என்று ஒரு மார்க்கும் போட்டுவைத்தார். அது ரொம்ப முக்கியம் பாருங்க! விவேஸின் குறிப்போ வேறு கதை சொல்கிறது. அதன்படி ழான் பிடிபட்டது நியூ அயர்லாந்து தீவில், கப்பல் ஊழியர்கள் கையில். படிக்க அவ்வளவு சுலபமான பக்கங்கள் அல்ல அவை. எது சரியாக இருந்தாலும், அதன் பிறகும் பல மாதங்கள் அதே ஆண்களுக்கு நடுவில் அவர் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

1768 இறுதியில் மொரீஷியஸில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். அங்கே நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ருக்கும் தாவரங்கள் என்றால் பைத்தியம், கொமர்சனை வரவேற்றார். சட்டத்துக்குப் புறம்பாக ஒரு பெண் கப்பலில் இருக்கும் தலைவலி தீர்ந்ததில் பூகன்வில்லுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மடகாஸ்கரில் மேலும் செடிகள் சேகரித்தார் கொமர்சன். 1773 மார்ச்சில், 45 வயதில் இறந்தார். அவர் இறந்தது தெரியாமல், அடுத்த சில நாட்களில் பாரிஸ் அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ழானுக்கு வீடு இல்லை, சம்பளம் இல்லை, ஊருக்குப் போகக் காசும் இல்லை. போர்ட் லூயியில் ஒரு மதுக்கடை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை நடக்கும் நேரத்தில் சரக்கு விற்றதற்காக 50 லீவ்ர் அபராதம் கட்டியிருக்கிறார். அவரைப் பற்றிக் கிடைக்கும் சொற்பமான அரசுப் பதிவுகளில் இதுவும் ஒன்று! 1774-ல் ழான் துபெர்னா என்ற படைவீரரைத் திருமணம் செய்துகொண்டார். ஆமாம், மாப்பிள்ளை பெயரும் ழான்தான். அடுத்த வருஷ வாக்கில் கணவரோடு பிரான்ஸ் திரும்பினார். உலகைச் சுற்றிய வட்டம் அன்றைக்கு முழுமையானது. வரவேற்க யாரும் துறைமுகத்துக்கு வரவில்லை.

கொமர்சன் உயிலில் எழுதிவைத்த பணம் வந்தது. 1785-ல் பிரெஞ்சுக் கடற்படை அமைச்சகம் வருஷத்துக்கு 200 லீவ்ர் ஓய்வூதியமும் கொடுத்தது. எந்தக் கடற்படையின் சட்டத்தை மீறிக் கப்பல் ஏறினாரோ, அதே கடற்படை! 1807 ஆகஸ்ட் 5 அன்று, கணவரின் ஊரான சேன்ட் ஓலேயில், 67 வயதில் இறந்தார்.

பெயருக்கு வருவோம். கொமர்சனின் குறிப்புகள் பாரிஸ் போய்ச் சேர்ந்தாலும் பல வருஷம் அச்சேறவில்லை. 1789-ல், அதாவது பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே வருஷம், தாவரவியலாளர் ஜுஸ்யூ அந்தப் பெயரை வெளியிட்டார். அதையும் எழுத்துப்பிழையோடு 'புகின்வில்லேயா' என்று! தாவரப் பெயர்ப் பட்டியலில் அது திருத்தப்பட 1930-கள் வரை ஆனது. பெயர் அச்சில் வந்தபோது ழானுக்கு 49 வயது, சேன்ட் ஓலேயில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

உலகம் முழுக்க அந்தக் கேப்டன் பெயரே நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். செடியின் சொந்த ஊரான பிரேசிலில் அதற்கு 'மூன்று மரியாக்கள்' என்று ஒரு பெயர் உண்டு, அந்த மும்மூன்று இலைகளைப் பார்த்து வைத்தது. அர்ஜென்டினாவில் 'சாந்தா ரீட்டா', ஒரு பெண் புனிதரின் பெயர். தாவரக் குடும்பத்தைப் பார்த்தால் நம்ம வீட்டு முற்றத்து அந்திமந்தாரையும், வயல் வரப்பு மூக்கிரட்டைக் கீரையும் காகிதப்பூவுக்குச் சொந்தக்காரர்கள்.

கொமர்சன் பெயரில் இன்று 70-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருக்கின்றன. ழானுக்கும் அவர் ஒன்றைக் கொடுக்க நினைத்தார். மடகாஸ்கரில் கிடைத்த ஒரு புதர்ச்செடி, ஒரே செடியில் பல வடிவங்களில் இலை விடும். வேஷம் மாற்றிய ழானுக்குப் பொருத்தம் என்று 'பரேசியா' எனப் பெயரிட்டார். பாரிஸில் சரிபார்த்தபோது அந்தச் செடிக்கு ஏற்கெனவே 'துர்ரேயா' என்ற பெயர் இருந்தது. முதலில் வெளியான பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. ழானின் பெயர் காணாமல் போனது.

அது திரும்பி வர 2012 ஆனது. தெற்கு எக்வடோரிலும் வடக்கு பெருவிலும் வளரும் ஒரு புதிய கொடியை விவரித்த ஆய்வாளர்கள், அதற்கு 'சொலானம் பரேசியே' என்று பெயர் வைத்தார்கள். நம்ம கத்தரிக்காய், மணத்தக்காளி இனம். இலை செடிக்குச் செடி வடிவம் மாறும். பூ ஊதாவிலும் வரும், மஞ்சளிலும் வரும், வெள்ளையிலும் வரும்.