மரப்பட்டை ஓடத்தில் மார்க்கெத் அடிகளார்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை உச்சிக்கு இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகிறது. அச்சாலை அமைவதற்கு முன் மேலே சென்ற வெளியூரார் எவராயினும், வழி அறிந்த மலைமக்கள் முன்னே நடக்கப் பின்னே நடந்தவர்தாம். மூட்டை முடிச்சும் அவர்கள் தலையில்தான் ஏறியது. அதிகாரி, வியாபாரி, மறைபோதகர் எல்லாருக்கும் இதுவே கதை. ஏறி வந்தவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. முன்னே நடந்தவர் பெயர் நிற்பதில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு, இவ்விழா மலரில் கடல் கடந்த ஒரு குருவானவரின் வரலாற்றைக் கூற விழைகிறோம். அவர் ஏறியது மலையன்று, இறங்கியது ஆறு. ஆனால் அவரையும் ஒருவர் வழிநடத்த வேண்டியிருந்தது.

ஜாக் மார்க்கெத் 1637-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பிரான்சு நாட்டின் லான் நகரில் பிறந்தார். 17-ஆம் வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். தூர தேசத்தில் மறைபரப்ப வேண்டுமென்று மேலதிகாரிகளிடம் பல ஆண்டுகள் மன்றாடி, 1666-இல் கனடாவின் கியூபெக் நகருக்கு வந்து சேர்ந்தார். வந்தவுடன் அவருக்குக் கிடைத்த வேலை பிரசங்கம் அன்று, மொழிப் படிப்பு. அங்குள்ள ஆதிக்குடியினரின் மொழிகள் ஆறினைக் கற்றார் என்பர். நம் நாட்டில் தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் தமிழ் கற்ற வரலாற்றை அறிந்த நமக்கு இதன் அருமை புரியும். பேச்சு தெரியாதவனுக்குப் பாதையை யாரும் சொல்லித் தர முடியாதல்லவா?

1668-இல் அவர் மேற்கே பேரேரிகளின் பக்கம் அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு சுப்பீரியர் ஏரியின் தென்கரையிலுள்ள லா பாயிண்ட் என்னும் இடத்திற்குச் சென்றார். அங்கே இல்லினாய் இனத்தார் தொலைவிலிருந்து வியாபாரத்துக்கு வருவார்கள். தெற்கே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது, அதன் கரையில் எங்கள் ஊர்கள் உள்ளன, வாரும் என்று அவர்கள் அழைத்தார்கள். வெள்ளையர் ஏதோ ஒரு நதியைத் தாமே தேடிக் கண்டதாகப் பள்ளிப் பாடம் சொல்லும். உண்மையில் அழைப்பு முதலில் ஆற்றங்கரையிலிருந்தே வந்தது. அண்டைக் குலத்தாரோடு மூண்ட பகையால் 1671-இல் அங்கிருந்த கிறிஸ்தவர்கள் இடம்பெயர, அவர்களோடு அடிகளாரும் கிழக்கே வந்து, மிச்சிகன் ஏரியும் ஹூரான் ஏரியும் கூடும் முனையில் புனித இஞ்ஞாசியார் பெயரால் தளம் அமைத்தார்.

1672 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். அன்று லூயி ஜொலியே என்ற இளைஞர் அத்தளத்தை வந்தடைந்தார். கியூபெக்கில் பிறந்தவர், இயேசு சபையாரிடம் படித்தவர், காடும் ஆறும் பழகியவர். அப்பெரிய ஆற்றைக் கண்டு வரவும், அடிகளாரைத் துணையாகக் கொள்ளவும் அவருக்கு ஆணை கிடைத்திருந்தது. அது மேற்குக் கடலுக்குப் போகிறதா, தெற்கே போகிறதா என்பதே அரசுக்கு வேண்டிய செய்தி. அடிகளாருக்கு வேண்டியதோ தம்மை அழைத்த மக்களைக் காண்பது.

1673 மே 17-ஆம் நாள் இரண்டு ஓடங்களில் ஏழு பேர் புறப்பட்டார்கள். வழியுணவு, சோளமும் உலர்ந்த இறைச்சியும் மட்டுமே. அந்த ஓடத்தைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். ஒகேனக்கல்லில் நாம் காணும் பரிசலுக்கு மூங்கிற் படல்மேல் தோல் போர்த்துவது பழைய வழக்கம். வடநாட்டு ஓடத்துக்கு மெல்லிய மரச் சட்டத்தின்மேல் பூர்ச்ச மரத்துப் பட்டையைப் போர்த்தி, மரவேர்களால் தைத்து, தையலில் பிசினைக் காய்ச்சிப் பூசுவார்கள். பரிசல் வட்டம்; ஓடமோ நீண்டு இருபுறமும் கூர்ந்திருக்கும். பாறையில் பட்டால் கிழியும். ஆனால் காட்டிலேயே பட்டை உரித்துப் பிசின் தடவிச் செப்பனிட்டுக் கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, தூக்கிச் சுமக்கலாம். இந்த ஓடத்தை ஆக்கியதும் ஓட்டியதும் ஆதிக்குடிகளின் கலை. ஐரோப்பியர் அவர்களிடம் கற்றுக்கொண்டனர்.

வழியில் காட்டரிசி அறுத்துண்ணும் மெனோமினி மக்களைச் சந்தித்தார்கள். போக வேண்டாம் என்று அவர்கள் தடுத்தார்கள். ஆற்றிலே ஓடத்தோடு மனிதரை விழுங்கும் பூதங்கள் உண்டு, வெப்பம் கொல்லும் என்று எச்சரித்தார்கள். அடிகளார் அவர்களுக்கு நன்றி கூறி மேலே சென்றார். ஜூன் 7-இல் ஃபாக்ஸ் ஆற்றங்கரையிலுள்ள மஸ்கூத்தன் ஊரை அடைந்தபோது, ஊர் நடுவே நட்டிருந்த சிலுவையில் மக்கள் தோலும் வில்லும் அம்பும் காணிக்கையாகக் கட்டியிருக்கக் கண்டு மகிழ்ந்தார். அவருக்கு முன் அலுவே அடிகளார் அங்கு வந்துபோன அடையாளம் அது.

அதற்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் எவரும் வழி அறியார். ஆகவே வழிகாட்டிகளைத் தரும்படி ஊர்ப் பெரியோரிடம் கேட்க, மயாமி இனத்தார் இருவர் கூட வந்தார்கள். மேல் ஃபாக்ஸ் ஆறு எங்கும் காட்டரிசிப் புதர். சேறும் குட்டையுமாய்ப் பிரிந்து கிடக்கும். நம்மூர் நாணற்காட்டு ஏரிக்குள் கண்ணைக் கட்டி விட்டாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் எது, முட்டுச் சந்து எது என்று அவ்விருவருக்கே தெரிந்தது. ஆறு முடிந்த இடத்தில் அவர்களும் ஓடங்களைத் தூக்க, 2700 அடி வைத்து நடந்து, விஸ்கான்சின் ஆற்றில் இறக்கினார்கள். கிழக்கே அட்லாண்டிக் கடலுக்குப் போகும் நீரையும் தெற்கே போகும் நீரையும் பிரிப்பது அந்தச் சிறு நிலந்தான். அங்கே இன்று ஒரு நகரம் இருக்கிறது. ஓடம் சுமக்கும் இடம் என்பதே அதன் பெயர். வேலையை முடித்த இருவரும் ஊர் திரும்பினர். அடிகளாரின் குறிப்பில் அவர்கள் உதவி இருக்கிறது, பெயர் இல்லை.

இக்காலத்தில் கனடாவின் வடகோடி ஆறுகளில், வழிகாட்டிக்குப் பணம் கட்டி, பல நாள் ஓடப்பயணம் போவது ஒரு விடுமுறை இன்பமாகிவிட்டது. தென் நஹானி ஆற்றில் செல்வோர் வர்ஜினியா அருவியண்டை ஓடத்தையும் மூட்டையையும் சுமந்துதான் இறங்குகிறார்கள். முறை மாறவில்லை.

ஜூன் 17-இல் மிசிசிப்பி நதியில் நுழைந்தார்கள். அடிகளார் அதற்கு மாதாவின் அமலோற்பவப் பெயரையே இட்டார். பெரிய மீனொன்று ஓடத்தில் மோதியதும், கரையில் காட்டெருமைகள் மந்தை மந்தையாய் மேய்ந்ததும் அவர் எழுதிவைத்தவை. எட்டு நாட்களாக மனித அரவமே இல்லை. பிறகு கரையில் காலடித் தடம் கண்டு, ஜொலியேயும் அவரும் மட்டும் அதைப் பின்பற்றி நடந்தார்கள். அது இல்லினாய் ஊர். அவர்கள் விருந்தளித்தார்கள், சமாதானப் புகைக்குழாய் ஒன்றும் தந்தார்கள். தெற்கே ஓர் ஊரார் ஆயுதங்களோடு பாய்ந்தபோது அக்குழாயை உயர்த்திக் காட்டியே உயிர் பிழைத்தார்கள். வழிகாட்டி கூட வராத இடத்தில் அந்தக் குழாய் வழிகாட்டிற்று.

அதே விருந்தில் தலைவர் ஓர் அடிமைச் சிறுவனையும் கொடையாகக் கொடுத்தார். இதை மறைக்க நாம் விரும்பவில்லை. அச்சிறுவன் ஜொலியேயுடன் போனான். மறு ஆண்டு மொன்றியால் அருகே நீர்ச்சுழிப்பில் ஓடம் கவிழ்ந்தபோது இரண்டு ஆட்களோடு அவனும் மூழ்கி மாண்டான். ஜொலியேயின் குறிப்பேடுகளும் வரைபடமும் நீரோடு போயின. அவற்றுக்காக வருந்திய வரலாற்றாசிரியர் பலர். அச்சிறுவனுக்காக வருந்தியவர் சிலர்.

அர்க்கன்சா ஆற்றுமுகத்தை அடுத்த குவாப்பா ஊரோடு பயணம் நின்றது. ஆறு மெக்சிகோ வளைகுடாவில்தான் விழும் என்பது அங்கே தெளிவாயிற்று. இன்னும் கீழே போனால் ஸ்பானியர் கையில் சிக்கி, அறிந்த செய்தி வீணாகும். ஜூலை 17-இல் திரும்பினார்கள். எதிர் நீரில் துடுப்பு வலிப்பது எளிதன்று. இல்லினாய் ஆற்று வழி குறுக்கு வழி என்று அறிந்து அதில் வந்தார்கள். அங்கே கஸ்காஸ்கியா மக்கள் அடிகளாரிடம் மீண்டும் வரும்படி வேண்ட, அவர் வருவதாக வாக்களித்தார். அவ்வூர்த் தலைவர் ஒருவர் தம் இளைஞரோடு ஏரி வரை கூடவே வந்து வழிவிட்டார். செப்டம்பர் இறுதியில் பயணம் நிறைவுற்றது.

உடல் நலம் அத்தோடு போயிற்று. கடும் வயிற்றுப்போக்கு ஓராண்டு அவரைப் படுக்கையில் தள்ளியது. சற்றே தேறியதும், 1674 அக்டோபரில், கொடுத்த வாக்குக்காக இரண்டு துணைவரோடு மீண்டும் ஓடமேறினார். நோய் மறுபடி கண்டது. இன்று சிக்காகோ மாநகர் நிற்கும் இடத்தில், ஆற்றோரக் குடிசையில் பனிக்காலத்தைக் கழித்தார். இல்லினாய் மக்கள் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்ச்சு இறுதியில் பனி உடைந்து வெள்ளம் பெருக, சாமான்களை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுத் தப்பினார்கள்.

1675 பெரிய வியாழனன்று கஸ்காஸ்கியா மக்கள் திறந்த வெளியில் கூடினர். தலைவரும் முதியோரும் 500 பேர், இளைஞர் 1500 பேர், பெண்களும் குழந்தைகளும் வேறு என்று அக்காலக் குறிப்பு கூறும். உயிர்ப்பு ஞாயிறன்று திருப்பலி நிறைவேற்றினார். வாக்கு நிறைவேறியது. தம் முடிவு நெருங்கியதை உணர்ந்து, புனித இஞ்ஞாசியார் தளத்தில் இறக்க விரும்பி உடனே புறப்பட்டார்.

மிச்சிகன் ஏரியின் கீழ்க்கரை யாருக்கும் பழகாத வழி. கையையும் காலையும் அசைக்க முடியாத அவரைத் துணைவர் குழந்தையைப்போல் தூக்கி ஏற்றி இறக்கினார்கள். ஓர் ஆற்றின் முகத்தருகே மேட்டைக் காட்டி, இதுவே என் கல்லறை என்று தெரிவித்தார். எப்படி அடக்க வேண்டும், சிறு மணியை எப்போது அடிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்தார். 1675 மே 18-இல் உயிர் பிரிந்தது. 38 வயது நிறையவில்லை.

இரண்டாண்டுக்குப்பின், அவரிடம் மறைக்கல்வி பெற்ற கிஸ்ககோன் ஒட்டாவா வேட்டைக்காரர்கள் அம்மேட்டைத் தேடி வந்தார்கள். தங்கள் குல வழக்கப்படி எலும்புகளைக் கழுவி உலர்த்தி, பூர்ச்சப் பட்டைப் பெட்டியில் வைத்தார்கள். ஏறத்தாழ 30 ஓடங்கள் வரிசையாக அதை ஏரிவழியே கொண்டுசென்றன. 1677 ஜூன் 9-இல் அவர் விரும்பிய தளத்திலேயே அடக்கம் நடந்தது. பின்னர் ஆலயம் எரிந்து இடம் மறந்துபோக, 1877-இல் யாக்கர் அடிகளார் அதைக் கண்டுபிடித்தார். எலும்புகளில் சில, மில்வாக்கி நகரில் அவர் பெயரால் 1881-இல் தோன்றிய கல்லூரிக்குச் சென்று அங்கேயே தங்கின. 2022-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அவரை அன்று ஓடத்தில் ஏந்தி வந்தவர்களின் வழிவந்த அனிஷினாபே மக்கள் முன்னின்று, ஏரிக்கரையில் அவற்றை மண்ணில் வைத்தார்கள்.