இன்னொரு பீர்பால்

பீர்பால்னு சொன்னதும் எல்லாருக்கும் அக்பர் கதைதான் ஞாபகம் வரும். இவர் அந்த பீர்பால் இல்லை. செடி கொடிகளை, அதுவும் கல்லாகிப் போன செடி கொடிகளைப் படித்த பீர்பால். முழுப்பெயர் பீர்பால் சாஹ்னி. நம்ம அறிவியல் புத்தகத்தில் திறந்த விதைத் தாவரம், மூடிய விதைத் தாவரம்னு இரண்டு பிரிவு வருதே, அதில் முதல் பிரிவைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர்.

1891 நவம்பர் 14ஆம் தேதி பேரா என்ற ஊரில் பிறந்தார். (நேருவும் நவம்பர் 14தான், ஆனால் 1889.) அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அப்பா ருச்சி ராம் சாஹ்னி லாகூரில் வேதியியல் பேராசிரியர். பிள்ளைகளை இமயமலைப் பக்கம் நடைபயணம் கூட்டிப் போவது அவருக்குப் பிடித்த விஷயம். செடிகளைச் சேகரிக்கும் பழக்கம் பீர்பாலுக்கு அந்த நடையில்தான் வந்தது. 1911இல் பட்டம் வாங்கிக்கொண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே சீவர்ட் என்ற பேராசிரியர் அவருக்கு வழிகாட்டி. படிக்கிற காலத்திலேயே, லாசன் என்பவர் எழுதிய தாவரவியல் பாடநூலை இந்திய மாணவர்களுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்தாராம். பாடப்புத்தகத்தைப் படிக்கிற வயசில் திருத்துகிற வேலை!

1915இல் அவர் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாம்பூவிலோ பூவரசம் பூவிலோ சூல் வெளியே தெரியாது. சூலகத்துக்குள் பத்திரமாக மூடியிருக்கும். மகரந்தம் நேராக உள்ளே போக முடியாது, மேலே சூல்முடியில்தான் உட்கார வேண்டும். அது தன் இனத்து மகரந்தம் தானா என்று சூல்முடியே பார்த்துக்கொள்ளும். சரியான ஆள் என்றால்தான் குழாய் வளர்ந்து உள்ளே இறங்கும். அப்புறம் சூல் விதையாகும், சூலகம் பழமாகும். திறந்த விதைத் தாவரத்தில் சூலகமே கிடையாது. சூல் வெட்டவெளியில் இருக்கும். அதன் நுனியில் ஒரு சொட்டு நீர் சுரக்கும். காற்றில் வருகிற மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். சொட்டு உள்வாங்கும்போது மகரந்தமும் கூடவே உள்ளே போய்விடும். அதாவது இது வாசலில் வாட்ச்மேன் இல்லாத வீடு.

சாஹ்னி பார்த்தது கிங்கோ என்ற மரத்தின் சூலை. டைனோசர் காலத்திலிருந்து அந்த வம்சம் இருக்கிறது, இயற்கையாக வளர்வது சீனாவில். அதன் சூலுக்குள் கிங்கோவுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு செடியின் மகரந்தம் இருந்தது! வேறு யாராவது இருந்தால் குப்பை என்று துடைத்துவிட்டிருப்பார்கள். இவர் யோசித்தார். அந்தக் காலத்தில் கல்லாகிப் போன விதைக்குள் மகரந்தம் கிடைத்தால், இரண்டும் ஒரே மரத்துடையது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். உயிரோடு இருக்கிற மரத்திலேயே அந்நிய மகரந்தம் நுழைகிறது என்றால் கல்லான விதையை மட்டும் எப்படி நம்புவது? உள்ளே கிடைத்தது என்பது மட்டும் சாட்சி ஆகாது என்று எச்சரித்தார். அப்போது அவருக்கு வயசு 23தான்.

வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு நம்ம ஊர்ப் பக்கமே உதாரணம் இருக்கு. மாமல்லபுரம் கடற்கரைச் சவுக்கு மரத்தைப் பாருங்கள். ஊசி ஊசியாக இலை மாதிரி, கூம்பு மாதிரி காய். பார்த்தால் பைன் மரத்துக்குத் தம்பி என்றே தோன்றும். ஆனால் சவுக்கு மூடிய விதைத் தாவரம். அந்தக் காய் வெடித்துச் சின்ன இறக்கையோடு பறக்கிறதே, அது வெறும் விதை இல்லை, ஒரே விதை உள்ள குட்டிப் பழம். பைன் மரத்திலிருந்து இறக்கையோடு பறப்பதுதான் நிஜமான வெறும் விதை. இரண்டுமே காற்றை நம்பிப் பிழைப்பதால் ஒரே மாதிரி ஆகிவிட்டன. பங்களா வாசலில் பனை மாதிரி வைக்கும் சைகஸ் இதற்கு நேர் தலைகீழ். பார்க்கப் பனை இனம் மாதிரி, ஆனால் திறந்த விதை.

1919இல் சாஹ்னி இந்தியா திரும்பினார். காசியிலும் லாகூரிலும் கொஞ்ச நாள். 1921இல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைவரானார், கடைசிவரை அங்கேதான். இந்தியாவில் கிடைத்த ஊசியிலை மரங்களின் புதைபடிவங்களைத் திரும்பவும் ஆராய்ந்து 1928இலும் 1931இலும் வெளியிட்டார். நம்ம ஊரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம் தாண்டிப் போனால் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் நிறைய பேர். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அதில் ஒன்றான திறந்த விதை மரத்துக்கு 1931இல் புதுப்பெயர் கொடுத்தவர் சாஹ்னிதான். பூவும் இல்லை, விதையும் இல்லை, வெறும் கட்டை, எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லை மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வேம்பு, புளி மாதிரி மரங்களில் தண்ணீர் ஏறுகிற அகலமான குழாய்கள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஊசியிலை மரத்தில் அந்த அகலக் குழாய் இருக்காது, எல்லாம் ஒரே மாதிரி சின்னக் கட்டங்கள்.

1936இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவருடைய பெரிய வேலை 1948இல் வந்தது. ராஜ்மகால் மலையில் (இப்போது ஜார்க்கண்ட்) நிபானியா என்ற கிராமத்துக் கற்களில் தண்டு தனி, இலை தனி, விதைக் கொத்து தனி என்று கிடைத்தன. அவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, உலகில் இன்று எங்கும் இல்லாத ஒரு திறந்த விதைக் கூட்டம் என்று காட்டினார். தண்டுக்குள் ஐந்து கட்டைத் தூண்கள் இருந்ததால் பென்டாக்சிலான் என்று பெயர். அதன் விதைக்கு வெளியே சதைப்பற்றான தோல், உள்ளே கெட்டியான ஓடு. பழமே இல்லாத செடி, ஆனால் விதையே பழம் மாதிரி வேஷம் போட்டிருக்கிறது! அதைத் தின்று பரப்பியது எந்தப் பிராணியோ.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் வேண்டும் என்பது அவர் ஆசை. 1946இல் அவரும் மனைவி சாவித்திரியும் தங்கள் பணம், சொத்து, புத்தகங்கள், சேர்த்துவைத்த கற்கள் எல்லாவற்றையும் கொடுத்து ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். அடிக்கல்லைக்கூட அவர் சும்மா செய்யவில்லை. பல நாட்டுப் புதைபடிவங்களைச் சிமெண்டில் பதித்துத் தானே செய்தார். 1949 ஏப்ரல் 3ஆம் தேதி நேரு வந்து நாட்டினார். சரியாக ஒரே வாரம். ஏப்ரல் 10ஆம் தேதி சாஹ்னி மாரடைப்பில் இறந்துபோனார்.

சாவித்திரி அம்மா அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. நிறுவனத்தின் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். 1953 ஜனவரியில் கட்டடம் தயாரானபோது திறந்துவைக்க வந்தவரும் நேருதான். லக்னோவில் அந்த நிறுவனம் சாஹ்னியின் பெயரிலேயே நடக்கிறது. அந்த அடிக்கல்லும் அங்கேயே இருக்கிறது.