தேயாத பெயர்

பேருந்தில் ஏறி அமர்ந்ததும் ஓட்டுநரை நம்பிக் கண்ணயர்ந்து விடுகிறோம். பின்சக்கர டயரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை எண்ணியே வாழ்ந்த பெருமகனார் ஒருவர் நம் தென்பாண்டி நாட்டில் இருந்தார். அவர்தாம் டி.வி. சுந்தரம் அய்யங்கார்.

1877-இல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். வழக்கறிஞர் தொழில், இரயில்வே உத்தியோகம், வங்கி வேலை எதிலும் மனம் நிலைக்கவில்லை. 1912-இல் பேருந்துத் தொழிலில் இறங்கினார். மதுரை அவரது கோட்டையாயிற்று. அவர் வண்டி வரும் நேரம் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டனர் என்பர்.

நேரம் தவறாமைக்கு எதிரி சாலையிலேயே கிடந்தது. மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்தன. அவர் மனம் தளரவில்லை; காந்தம் பூட்டிய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்!

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கும் டயருக்கும் பஞ்சம். கரிவாயுவால் பேருந்தை ஓட்டலாம். டயருக்கு என் செய்வது? எஞ்சினின் வலிமை முழுவதையும் சாலையில் ஊன்றித் தள்ளுவது பின்சக்கரமே. அதன் டயர் வழுக்கையானால் மழைநீர் வெளியேற வழியின்றிச் சக்கரம் வழுக்கும். ஐம்பது உயிர்கள் ஊசலாடும். தேய்ந்த டயருக்குப் புதுப்பட்டை ஒட்டும் ரீட்ரேடிங் தொழிலை அவர் நிறுவனம் மேற்கொண்டது.

1955-இல் அன்னார் மறைந்தார். நம் கிருஷ்ணன்கோவில் வழியே மதுரை செல்லும் நண்பர்காள்! ஏறுமுன் பின்சக்கரத்தை ஒருகணம் நோக்குங்கள். பிறர் உயிரைச் சுமப்பவனுக்குச் சிறிய ஆணியும் பெரிய பொறுப்பே என்பது விளங்கும்.