பெயர் வைக்காத பெண்

முக்காடு போட்ட ஒரு பெண். நீண்ட முகம். மூடிய உதடுகள். பின்னால் வீடு இல்லை, மரம் இல்லை, ஒரே இருட்டு. உடம்பும் உடையும் நிழலாகக் கரைந்து போகின்றன.

யார் இவள்? மகாகவி ரவீந்திரநாத தாகூரின் ஓவியங்களைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது.

தாகூர் 1861-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். 1913-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஓவியத்தில் அவர் முழு மூச்சாக இறங்கியபோது வயது 67!

கவிதை எழுதும்போது பிடிக்காத சொற்களை அடிப்பார். அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இணைப்பார். அவை பறவையாகும், விலங்காகும், முகமாகும். 1924-ல் நோயுற்று அர்ஜென்டினாவில் தங்கியபோது, விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் அம்மையார் இந்தக் கோலங்களைக் கண்டு வியந்தார். 1930-ல் பாரிசில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க உதவியவரும் அவரே.

தாகூர் தம் படங்களுக்குப் பெயர் வைக்க விரும்பவில்லை. அதனால் ஊகங்கள் பிறந்தன.

அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி. ஒன்பது வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். தாகூருக்கு விளையாட்டுத் தோழி. அவருடைய கவிதைகளை ஆசையோடு கேட்டவர். 1884-ல், தாகூருக்குத் திருமணமான சில மாதங்களில், காதம்பரி தம் உயிரை மாய்த்துக் கொண்டார். அந்தத் துயரம் தாகூரை விட்டு அகலவே இல்லை. படத்தில் இருப்பவர் அந்த அண்ணிதான் என்று கூறுவோர் உண்டு.

இருக்கலாம். ஆனால் அந்தக் கதையை அறியாதவருக்கும் படம் விளங்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் பனி மூடிய விடியற்காலை. கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. தலையில் முந்தானையைப் போர்த்தி ஒரு மீனவப் பெண் நிற்கிறாள். தூரத்திலிருந்து பார்த்தால் கண், மூக்கு தெரியாது. அவள் பெயரும் தெரியாது. ஆனாலும் நிற்கும் நிலையே அவள் நெஞ்சின் கலக்கத்தைச் சொல்லி விடும்.

தாகூரின் படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். யார் என்று கேட்பதை விட்டு, முகத்தைச் சூழ்ந்த இருளைப் பார்க்க வேண்டும். பேசாத உதடுகளைப் பார்க்க வேண்டும்.

1941-ல், தமது 80-வது வயதில் தாகூர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற ஓவியங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். சொற்களில் உலகை வென்ற கவிஞர், சொல்லில் அடங்காத துயரத்தைக் கோட்டிடம் ஒப்படைத்து விட்டார்.