80-வது பிறந்த நாளில் முடிந்த வேலை

வயது ஏறினால் புத்தி மங்கிவிடும் என்பார்கள். அறுபதைத் தாண்டிய பிறகு பெரிய பெரிய தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் வெளியிட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜி. யு. போப்.

கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி பிறந்தார். வளர்ந்தது இங்கிலாந்தில். 1837-ல் தமிழில் முதல் பாடம் படித்தார். 1839-ல் சென்னை வந்தார். நெல்லைச் சீமையில் சாயர்புரத்திலும், பிறகு தஞ்சாவூரிலும் பாதிரியாராக இருந்தார்.

ஊட்டியில்

அப்புறம் மலை ஏறினார். ஊட்டியில் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர். 1870 வரை அங்கே இருந்தார்.

பொழுது முழுவதும் இங்கிலீஷ் பையன்கள். வேறொருவராக இருந்தால் படித்த தமிழும் மறந்திருக்கும்! போப் இன்னொரு மொழியையும் கற்கத் தொடங்கினார். அது நீலகிரியில் தோடர்கள் பேசும் மொழி. அந்த மொழிக்குச் சொந்த எழுத்து இல்லை. அதற்கு ஒரு சிறிய இலக்கணம் எழுதினார். தோடர்களைப் பற்றி மார்ஷல் என்பவர் 1873-ல் வெளியிட்ட புத்தகத்தில் அது இருக்கிறது.

பிறகு பெங்களூரில் ஒரு பள்ளியில் வேலை. அதன் பின் இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார்.

அங்கேதான் அவர் உழைப்பு பலன் கொடுத்தது. 66 வயதில், 1886-ல், திருக்குறளை இங்கிலீஷில் வெளியிட்டார். 1893-ல் நாலடியார்.

அடுத்தது?

ஓர் இரவு, பேலியல் கல்லூரி முற்றத்தில் அதன் தலைவர் ஜோவெட்டுடன் பேசிக்கொண்டே நடந்தார். பேச்சு தமிழ்ப் பாடல்கள் பக்கம் திரும்பியது. திருவாசகத்தை அச்சில் கொண்டு வர வேண்டும் என்றார் ஜோவெட். போப் தயங்கினார். வேலையோ பெரியது, அது முடியும் வரை தான் உயிரோடு இருக்க வேண்டுமே! ஜோவெட் அவர் தோளில் கை வைத்தார். கையில் பெரிய வேலை இருப்பதே நீண்ட காலம் வாழ வழி, முடிக்கும் வரை நீங்கள் இருப்பீர்கள் என்று தைரியம் சொன்னார்.

அப்படிச் சொன்ன ஜோவெட் 1893-லேயே இறந்துவிட்டார். போப் தனியே உழைத்தார்.

வேலை ஆயுளைக் கூட்டும் என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புத்தியைப் பற்றி ஒரு சேதி உண்டு. 2002-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியானது. அதில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்கு ஞாபகப் பயிற்சி, சிலருக்கு யோசனைப் பயிற்சி, சிலருக்குச் சட்டென்று கவனிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எதைப் பழகினார்களோ அது கூர்மையானது. பழகாதது அவ்வளவாக மாறவில்லை.

போப் பழகியது தமிழ். அதுவும் 63 வருஷம்!

திருவாசகத்தின் 51 பகுதிகளும் இங்கிலீஷில் முடிந்தன. முன்னுரையின் கீழே போப் போட்ட தேதி 1900-ம் ஆண்டு ஏப்ரல் 24. அன்று அவருக்கு 80 வயது நிறைந்தது.

1906-ல் ராயல் ஆசியக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1908 பிப்ரவரியில், 87-வது வயதில், காலமானார்.