கலத்தின் கருவைக் கண்டவர்

விஞ்ஞானப் பிரிவிலே பயின்ற பழைய மாணவருள், வெங்காயத்தின் மென்றோலை உரித்து, அயடீன் துளியொன்றிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்காதவர் இலர். செங்கல் அடுக்கினாற்போன்ற கலங்களையும், ஒவ்வொரு கலத்தினுள்ளும் ஒரு பொட்டுப்போலத் தோன்றும் கருவையும் வரைந்து, பெயர் குறித்து, ஆசிரியரிடம் புள்ளி பெற்றதோடு எமது கடன் முடிந்தது. அப்பொட்டுக்கு அப்பெயரை இட்டவர் யார் என்று அன்று நாம் கேட்டிலோம். அவர்தாம் றொபேட் பிறவுண் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுப் பேரறிஞர்.

இவர் 1773ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி மொன்றோஸ் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் ஒரு மதகுருவின் மைந்தராகப் பிறந்தார். அபர்தீனிலும் எடின்பரோவிலும் கற்றார். மருத்துவம் பயின்றும் பட்டம் பெறாமலே விட்டார். 1795இல் ஒரு படைப்பிரிவிலே வைத்தியருக்கு உதவியாளராகச் சேர்ந்து அயர்லாந்து சென்றவர், நோயாளரைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் செடிகொடிகளுடனேயே கழித்தார். அக்காலத்தில் இங்கிலாந்தின் விஞ்ஞான உலகுக்குத் தலைவர்போல் விளங்கியவர் சேர் யோசேப்பு பாங்ஸ். அவருடைய பரிந்துரையால், மத்தியூ பிளிண்டேர்ஸ் என்பார் தலைமையில் அவுஸ்திரேலியக் கரையை அளக்கப் புறப்பட்ட இன்வெஸ்ரிகேற்றர் என்னுங் கப்பலிலே பிறவுண் தாவரவியலறிஞராக அமர்ந்தார். கப்பல் 1801இல் புறப்பட்டது.

அப்பயணத்தின் இன்னல்களை விரிப்பிற் பெருகும். உடன்சென்ற தோட்டக்காரர் நோயுற்று 1803இல் மாண்டார். அதே ஆண்டிலே, சேர்த்த மாதிரிகளில் ஒரு பகுதியையும் உயிர்ச்செடிகளையும் ஏற்றிச்சென்ற வேறொரு கப்பல் பவளப்பாரில் மோதி அழிந்தது. பிளிண்டேர்ஸ் நாடு திரும்பும் வழியில் மொறீசியசிலே பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். பிறவுணோ சிட்னியிலும் தஸ்மேனியாவிலும் தங்கி மேலும் சேகரித்து, 1805இல் ஏறத்தாழ 3,400 தாவர இனங்களுடன் இங்கிலாந்தை அடைந்தார். அவற்றுள் 2,000 வரையில் விஞ்ஞானம் அதுவரை அறியாதவை.

இத்தகைய செல்வத்தோடு வந்தவரை உலகம் எவ்வாறு வரவேற்றது? 1809ஆம் ஆண்டில் அவர் ஒரு தாவரக் குடும்பத்தைப்பற்றி லினேயன் கழகத்திலே கட்டுரை வாசித்தார். அவையிலிருந்து கேட்ட சோல்ஸ்பெரி என்பார் அதிலுள்ள புதுப்பெயர்களை நினைவிற் பதித்துச்சென்று, பிறவுணின் கட்டுரை அச்சேறுமுன்னரே மற்றொருவர் பெயரால் வெளிவந்த நூலில் அவற்றைச் சேர்த்துவிட்டார். மறு ஆண்டு, பிறவுண் தம் கைப்பொருளைச் செலவிட்டு அவுஸ்திரேலியத் தாவரங்களைப்பற்றி அரிய நூலொன்றை வெளியிட்டார். முப்பது படிகள்கூட விலைபோகவில்லை. மனம் நொந்த ஆசிரியர் நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த பாகம் வெளிவரவேயில்லை. பிற்காலத்தில் அவரிடம் வேரூன்றிய இரகசியப் போக்குக்கு இவ்விரண்டு அடிகளுமே காரணமாகலாம் என்பது எமது கருத்து.

1820இல் பாங்ஸ் இறந்தபோது, தமது நூல்நிலையத்தையும் உலர்தாவரத் தொகுதியையும் பிறவுணின் பாதுகாப்பில் விட்டுச்சென்றார். 1827இல் அவை பிரித்தானிய நூதனசாலைக்கு மாற்றப்பட்டன. பிறவுணே அவற்றின் பொறுப்பாளரானார்.

அவ்வாண்டின் கோடையிலேதான் அவர் பெயரை நிலைநிறுத்திய ஆராய்ச்சி நிகழ்ந்தது. கிளாக்கியா என்னும் பூச்செடியின் மகரந்தமணிகளை நீரிலிட்டு, ஒற்றை வில்லை கொண்ட எளிய நுணுக்குக்காட்டியால் நோக்கினார். மகரந்தமணிகளே துள்ளின என்று பாடநூல்கள் பல எழுதிவருவது பிழை. மணிகள் அவ்வாறு ஆடுவதற்கு மிகப் பெரியன. அவற்றின் உள்ளிருந்து வந்த நுண்துணிக்கைகளே ஓயாது நடுங்கின. இது உயிரின் அடையாளமோ என்று பிறவுண் முதலில் ஐயுற்றார். ஐயத்தை ஐயமாகவே விட்டுவிடாமல், நூறாண்டுக்கு மேலாக உலர்ந்து கிடந்த தாவரங்களை எடுத்துப் பார்த்தார். அவற்றின் துகளும் ஆடிற்று. கண்ணாடி, உலோகம், கல், இறுதியில் எகிப்திய ஸ்பிங்ஸ் சிலையின் ஒரு துண்டு என யாவற்றையும் பொடித்து நீரிலிட்டார், யாவும் ஆடின. ஆகவே இவ்வசைவு உயிரின் இயல்பன்று, சடப்பொருளுக்கே உரியது எனக் கண்டார். தமக்கு விருப்பமான முதல் எண்ணத்தைத் தாமே உடைத்தெறிந்த இச்செயலை நாம் அவருடைய ஏனைய கண்டுபிடிப்புக்கள் யாவற்றிலும் மேலாக மதிக்கின்றோம்.

காரணத்தை அவர் கூறவில்லை. நீரின் மூலக்கூறுகள் எப்பக்கத்திலிருந்தும் இடைவிடாது மோதுவதாலேயே துணிக்கை அலைகின்றது என்பதை 1905இல் ஐன்ஸ்ரைன் கணித்துக் காட்டினார். பெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் பின்னர் பரிசோதனையால் நிறுவி, 1926இல் நோபெல் பரிசு பெற்றார். உயிரியலார்க்கு இதனால் வந்த பயன் பெரிது. ஒட்சிசன் கலத்தினுட் புகுவதும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் இவ்வொழுங்கற்ற ஆட்டத்தின் விளைவான பரவலினாலேயே. செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகளை எவரும் ஏவுவதில்லை. எத்திசையும் ஆடுவன, மிகுதியாக உள்ள பக்கத்திலிருந்தே மிகுதியாக வெளிவருகின்றன, அவ்வளவே. கலமென்சவ்வு சிலவற்றை எளிதில் விடும், சிலவற்றைத் தடுக்கும், சிலவற்றைச் சத்தியைச் செலவிட்டுச் செறிவுக்கு எதிராகவே உள்ளே இழுக்கும். மேலும், பரவலுக்கு வேண்டிய நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகின்றது. சிறு மூலக்கூறொன்று நீரிலே 10 மைக்கிரோமீற்றர் பரவ ஒரு செக்கனின் சிறு பகுதி போதும். 1 சென்ரிமீற்றர் பரவவோ பல மணி நேரமாகும். கலங்கள் சிறியனவாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட தாவரக் கலங்களிலே குழியவுரு தானே ஆறுபோல் ஓடி இக்குறையை ஈடுசெய்கின்றது.

அவ்வோட்டத்தையும் பிறவுண் கண்டிருந்தார். 1831ஆம் ஆண்டு நொவெம்பரில் லினேயன் கழகத்தில் அவர் வாசித்த கட்டுரை ஓக்கிட்டுச் செடிகளின் கருக்கட்டலைப்பற்றியது. அதனிடையே, இடைச்செருகல்போல, கலந்தோறும் ஒரு வட்டமான பொருள் காணப்படுவதைக் கூறி அதற்குக் கரு எனப் பெயரிட்டார். பிரான்சிஸ் பௌவர் போன்றோர் அதனை முன்னரே கண்டு வரைந்திருந்ததையும் மறைத்தாரல்லர். ஆயினும் அது கலத்தின் பொது உறுப்பு என்பதை உணர்த்தியவர் அவரே. அதனைப் பிடித்துக்கொண்டு சிலைடன் 1838இலும் சுவான் 1839இலும் கலக் கொள்கையை எழுப்பினர்.

பீகிள் கப்பலிற் புறப்படுமுன் இளைஞர் சாள்ஸ் டார்வின் பிறவுணைச் சந்திக்கச் சென்றார். பிறவுண் நுணுக்குக்காட்டியைக் காட்டி, காண்பதை விவரிக்கும்படி கேட்டார். டார்வின் கண்டது கலத்தினுள்ளே ஓடும் முதலுருவாதல் வேண்டும். அது யாதென வினவியபோது, அது தமது சிறு இரகசியம் என்று கூறிப் பிறவுண் வாய்மூடிக்கொண்டார்! பிழை நேர்ந்துவிடுமோ என்ற அளவிறந்த அச்சத்தால் அவருடைய அறிவிற் பெரும்பகுதி அவருடனேயே மடிந்தது என டார்வின் பிற்காலத்தில் வருந்தி எழுதினார். அவரே மற்றொன்றும் எழுதியிருக்கின்றார். முதுமையில் உடல் தளர்ந்திருந்தும், தொலைவிலே வசித்த தம் பழைய வேலைக்காரர் ஒருவரைப் பிறவுண் தம் செலவிலேயே தாங்கிவந்தார். நாள்தோறும் அவரிடஞ் சென்று நூல் வாசித்துக் காட்டினார். இரகசியங்களைப் பூட்டி வைத்தவர் இவர்தாமோ என நாம் வியக்கின்றோம்.

1858ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி, இலண்டனில் பாங்ஸ் வாழ்ந்த அதே இல்லத்திலே பிறவுண் உயிர்நீத்தார். அவருக்கு மரியாதையாக லினேயன் கழகம் யூன் 17ஆந் திகதிக் கூட்டத்தை ஒத்திவைத்தது. அதற்கீடாக யூலை 1ஆந் திகதி கூடிய அவையிலேதான் டார்வினும் உவலேசும் எழுதிய இயற்கைத் தேர்வுபற்றிய கட்டுரைகள் முதன்முதல் வாசிக்கப்பட்டன.